தண்ணீரை மாற்றுவது எது?



நம் கை பட்டால் நீர் தீட்டாகும் என்று நம் முன்னோருக்குப் பொதுக்குளத்தை மறுத்தார்கள். 1927 மார்ச் 20 அன்று மகாடு நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீரை அள்ளிப் பருகினார். பின்னர்ச் சாதி இந்துக்கள் அக்குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். எனவே, நீரை மெய்யாகவே மாற்றுவது எது என்று இன்று அறிவியலைக் கேட்போம்.

நீர் மூலக்கூறு ஒன்றிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரித்தெடுக்க 10 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட ஆற்றல் வேண்டும். மனிதக் கையின் வெப்பத்தில் ஒரு மூலக்கூறின் பங்கு ஏறத்தாழ 0.03 எலக்ட்ரான் வோல்ட்டே. எவர் கையாயினும் இதுதான் கணக்கு.

ஆனால் 150 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய புரோட்டான் நீரில் புகுந்தால் நிலைமை வேறு. அது நேர் மின்னூட்டம் உடையது. வழியிலுள்ள எலக்ட்ரான்களைத் தன் மின்விசையால் ஈர்த்து, பலவற்றை மூலக்கூறினின்று பிரித்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் தன் ஆற்றலில் சிறிது இழக்கிறது. எலக்ட்ரானைப் போல் 1836 மடங்கு நிறை உடையதாதலின், பெரும்பாலும் நேராகவே செல்கிறது. சிதைந்த நீர் மூலக்கூறுகள் வீரியமிக்க துணுக்குகளாகி, அருகிலுள்ள உயிரணுக்களைத் தாக்குகின்றன.

இதில் ஒரு வியப்பு உண்டு. வேகம் குறையக் குறைய, ஒவ்வோர் எலக்ட்ரானின் அருகிலும் புரோட்டான் கூடுதல் நேரம் இருக்கிறது. ஆகவே இழப்பும் கூடுகிறது. தொடக்கத்தில் சென்டிமீட்டருக்குச் சுமார் 5 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் இழக்கும் அத்துகள், ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கப்போகும் தறுவாயில், அதைவிட நூறு மடங்குக்கும் மேலான விகிதத்தில் இழக்கிறது. இவ்வியல்பை 1904இல் ஆல்பாக் கதிர்களில் வில்லியம் பிராக் கண்டார். இழப்பைக் கணக்கிடும் சூத்திரத்தை 1930இல் ஹான்ஸ் பெத்தே வகுத்தார்.

மனித உடலிலும் பெரும்பகுதி நீரே. எனவே புற்றுக்கட்டி இருக்கும் ஆழத்திலேயே புரோட்டானை நிறுத்தி, அதற்கு அப்பாலுள்ள நல்ல உறுப்புகளைக் காக்கலாம் என்று 1946இல் ராபர்ட் வில்சன் எழுதினார். 70 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் எனில் 4 சென்டிமீட்டர். 230 எனில் சுமார் 33 சென்டிமீட்டர். எக்ஸ் கதிரோ கட்டியையும் கடந்து மறுபுறம் வரை செல்லும். நம் வண்டலூருக்கு வடக்கே தரமணியில், 2019 முதல் அப்போலோ புரோட்டான் மருத்துவமனையில் இச்சிகிச்சை நடைபெறுகிறது. அதன் செலவு எளியோரால் தாங்கத்தக்கதன்று என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

கதிரின் அளவை நீர்த்தொட்டியில் அளந்து சரிபார்த்த பின்னரே நோயாளிக்குச் செலுத்துவார்கள். அளப்பவர் மருத்துவ இயற்பியலாளர். அப்படிப்பு கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் உள்ளது. இயற்பியல் நமக்கு எட்டாது என்று எவரேனும் சொன்னால், நம் மாணவர்கள் அதனை நம்பலாகாது. பள்ளியில் கணிதத்தையும் இயற்பியலையும் கைவிடாமல் கற்றால் அந்த வாயில் திறக்கும். இச்சிகிச்சையை எளியோருக்குக் கொண்டுவரும் முயற்சியிலும் நாம் பங்கேற்கலாம்.

தீட்டை அளக்க எந்தக் கருவியும் இல்லை. ஏனெனில் அளக்க அங்கே ஒன்றுமில்லை. நம் பெற்றோர் தொடக்கூடாது என்று தடுக்கப்பட்ட நீரின் முன், அளவுக் கருவியுடன் நம் பிள்ளைகள் நிற்கட்டும். அதற்கே இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பாடுபட்டு வந்துள்ளது. கற்போம், ஒன்றுபடுவோம்.