நீதியரசருக்கும் நீதி

தன் வழக்குக்குத் தானே நீதிபதியாதல் ஆகாது; மறுபக்கம் கேளாது தீர்ப்புக் கூறுதலும் ஆகாது. இவ்விரண்டும் இயற்கை நீதியின் தூண்கள். நீதி வழங்குவோரே விசாரிக்கப்படும்போது இத்தூண்கள் அசையாது நிற்றல் வேண்டும்.

2012ஆம் ஆண்டு நவம்பரில், இலங்கையின் பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிராக 14 குற்றச்சாட்டுகள் கொண்ட பிரேரணை பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. ஆளுந்தரப்பினர் 117 பேர் அதில் ஒப்பமிட்டனர். விசாரித்த தெரிவுக்குழுவின் 11 பேரில் எழுவரும் அத்தரப்பினரே. குற்றஞ் சாட்டிய தரப்பே குற்றத்தை ஆராயவும் அமர்ந்தது. நியாயமான விசாரணை கிடையாதெனக் கூறி, டிசம்பர் 6ஆந் திகதி அவர் வெளியேறினார். மறுநாள் எதிர்க்கட்சியினர் நால்வரும் விலகினர். அதன் பின்னரே சாட்சிகள் அழைக்கப்பட்டனர். அவர்களைக் குறுக்கு விசாரணை செய்ய எதிர்த்தரப்பில் எவரும் இருக்கவில்லை. 8ஆந் திகதி, மூன்று குற்றச்சாட்டுகள் நிரூபணமாயின என அறிக்கை வெளிவந்தது. 2013 ஜனவரி 7ஆந் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வறிக்கையை இரத்துச் செய்தது. ஆயினும் 13ஆந் திகதி அவர் பதவி நீக்கப்பட்டார். 2015 ஜனவரியில் பதவி மீண்டது. மறுநாளே ஓய்வு பெற்றார்.

நேயர்களே, குற்றச்சாட்டுகள் மெய்யோ பொய்யோ என்பது வேறு வினா. நீதிபதியும் தவறக்கூடும், தவறினால் விசாரிக்கப்படவே வேண்டும். ஆனால், சார்புடைய மன்றின் தீர்ப்பு மெய்யே ஆயினும் மக்கள் அதனை நம்பார். குற்றமுடையவர் அங்கே தியாகியாகிறார். குற்றமற்றவரோ காப்பின்றி நிற்கிறார்.