கல் எடுப்பவன் யார்?

(சங்கரன்கோவிலில் ஆற்றிய உரையின் ஒரு பகுதி)



கவிதைக்கும் கட்சி மேடைக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். உறவு உண்டு, சொல்லுகிறேன்.

அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட், 1914ஆம் ஆண்டு வெளியான தமது நூலில் ஒரு கவிதை தந்தார். அண்டை நிலத்தார் இருவர். இடையே ஒரு கற்சுவர். குளிர்காலம் கழிந்ததும் சரிந்த கற்களை இருவரும் சேர்ந்தே எடுத்து அடுக்குகின்றனர். "சுவர் எதற்கு?" என எண்ணுகிறான் ஒருவன். மற்றவனிடம் காரணம் இல்லை. தகப்பன் சொல்லிவைத்த பழமொழி இருக்கிறது! அதையே சொல்கிறான், மறுபடியும் அதையே சொல்கிறான்!

1961 ஆகஸ்டில் பெர்லின் நகரைச் சுவர் பிளந்தது. அடுத்த ஆண்டே, 88 வயது முதியவரான ஃப்ராஸ்ட் சோவியத் நாட்டுக்குச் சென்று அந்தக் கவிதையைப் படித்தார். கேட்டோர் நெஞ்சில் பெர்லின் நிழலாடியிராதா? 1989 நவம்பரில் பெர்லின் சுவர் திறந்தது; வையம் மகிழ்ந்தது.

அதே 1989! மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் சாதிக் கலவரம். அதையடுத்து எழுந்தது ஒரு சுவர். ஏறத்தாழ 600 மீட்டர் நீளம்! அங்கே சுவர் சாய்ந்தது. இங்கே சுவர் முளைத்தது! அவ்வூர் மக்களும் இடதுசாரித் தோழர்களும் போராடிய பிறகு, 2008 மே 6ஆம் நாள் ஒரு பகுதி இடிக்கப்பட்டுப் பாதை பிறந்தது. இடித்தது அரசு, இடிக்க வைத்தது போராட்டம்.

2019 டிசம்பர் 2. மேட்டுப்பாளையம் நடூர். தீண்டாமைச் சுவர் என்று மக்கள் குற்றம் சாட்டிய சுவர், மழையில் சரிந்தது. உறங்கியவர் 17 பேர் உயிர் துறந்தனர். சுவர் பிரிக்கும் என்று மட்டுமா நினைத்தோம்? கொல்லவும் செய்தது!

தோழர்களே! கவிஞரின் சுவருக்கு இருபுறமும் கைகள் உண்டு. சரிந்த கல்லை அவனும் எடுக்கிறான், இவனும் எடுக்கிறான். சாதிச் சுவரோ, ஒரு புறத்தார் எழுப்புவது, மறு புறத்தார் சுமப்பது! இது வேலியல்ல, விலங்கு! ஆனால் காரணம் மட்டும் ஒன்றே: "அப்பன் சொன்னான், பாட்டன் சொன்னான்!" பகுத்தறிவு இயக்கம் பிறந்ததே அந்த விடையை மறுத்துக் கேள்வி கேட்பதற்குத்தான்.

இந்தச் சங்கரன்கோவிலைப் பாருங்கள். பாதி சிவன், பாதி திருமால். ஓருருவில் இரு கடவுளர். சைவர்க்கும் வைணவர்க்கும் இருந்த சுவரைச் சிலையிலே இடித்தவர்கள், தெருவிலே இடித்தார்களா?

ஊரைக் கேட்குமுன் நம்மைக் கேட்போம். நம் கொடிக்கம்பம் எந்தத் தெருவில் நிற்கிறது? நம் கிளைக் கூட்டம் எவர் வீட்டுத் திண்ணையில் நடக்கிறது? அந்தத் திண்ணையில் ஏற முடியாத தோழன் ஒருவன் இருந்தால், நாமும் கல் அடுக்குகிறோம் என்றே பொருள்.

அந்தக் கல்லைக் கீழே போடுவோம்! முதலில் நம் கையிலிருக்கும் கல்லை!