பழைய சட்டகமும் புதிய உறுப்புகளும்



வீட்டின் ஒரு மூலையிலே நெடுநாள் சாத்தி வைத்திருந்த பழைய துவிச்சக்கரவண்டியை வெளியே எடுத்துத் துடைத்துப் பார்ப்பவர் எவருக்கும் இரண்டு ஆசைகள் ஒருங்கே தோன்றும். அது வாங்கிய நாளில் இருந்த கோலத்தை மீண்டும் காணவேண்டும் என்பது ஒன்று. அதில் ஏறி அச்சமின்றி ஓடவேண்டும் என்பது மற்றொன்று. முன்னையது வடிவத்தைப் பற்றிய ஆசை. பின்னையது பயனைப் பற்றிய ஆசை. இரண்டும் மோதும் இடத்திலே எதனை விட்டுக்கொடுப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

துவிச்சக்கரவண்டியின் உயிர் அதன் சட்டகம். சில்லும் சங்கிலியும் தேயும், மாற்றப்படும். சட்டகமோ எஞ்சி நிற்கும். 1897ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரைச் சேர்ந்த அல்பிரட் ரெனோல்ட்ஸ் என்பவர், இரு முனைகளிலும் தடித்தும் நடுவிலே மெலிந்தும் இருக்கும் உருக்குக் குழாய்க்கு உரிமை பெற்றார். பொருத்து விழும் முனையிலே பலம் வேண்டும். நடுவிலே வேண்டியது இலேசு. 1935ஆம் ஆண்டில் அந்நிறுவனம் '531' என்னும் உருக்குக் குழாயை வெளியிட்டது. அக்குழாய்களை இணைக்கும் பொருத்துறைகளின் ஓரங்களைக் கைத்தொழிலாளர் கூர் இலை போலவும் சுருள் கொடி போலவும் அராவி அழகு செய்தனர். அவ்வழகு வெறும் அலங்காரமன்று. படிப்படியாக ஒடுங்கும் ஓரம், மெல்லிய குழாயின்மேல் விழும் பாரத்தை ஒரே கோட்டில் நிறுத்தாமல் பரவச் செய்கிறது. நல்ல சட்டகத்திலே வடிவமும் பயனும் இவ்வாறு ஒன்றாகவே பிறந்தவை. பின்னாளில் வேறோர் உறுப்பைப் பூட்டும்போதே அவை பிரிகின்றன.

அவ்வாறாயின், புதியதைப் பூட்டுவதே பழைமைக்கு இழைக்கும் துரோகமா? வரலாறு அவ்விதம் கூறவில்லை. தூர் டி பிரான்ஸ் என்னும் பெரும் ஓட்டப் போட்டியை நடத்திய ஆன்றி டெக்ராஞ்ச், பற்சக்கரம் மாற்றும் கருவியை நெடுங்காலம் மறுத்துவந்தார். 1937ஆம் ஆண்டிலேயே அது அப்போட்டியில் அனுமதிக்கப்பட்டது. இத்தாலியின் விசென்சா நகரத்துத் துல்லியோ கம்பன்யோலோ, சில்லை நொடியிற் கழற்றும் நெம்புகோலைக் கொணர்ந்தார். இன்று பழைமை என்று போற்றப்படுவன யாவும் அன்று புதுமைகளே. தம் காலத்துச் சிறந்த உறுப்பைப் பூட்டி ஓடியவரே அன்றைய ஓட்டக்காரர். ஆகவே புதியது என்பதனால் மட்டும் ஓர் உறுப்பை ஒதுக்குதல் நியாயமாகாது. ஆனால் அதனைப் பூட்டுவதற்காகச் சட்டகம் எவ்வளவு விலை கொடுக்கிறது என்று கேட்டேயாக வேண்டும்.

முதலிலே உயிர் தங்கியிருக்கும் உறுப்பாகிய பிறேக்கை எடுத்துக்கொள்ளலாம். பழைய வண்டிகளின் றிம் பெரும்பாலும் பளபளக்கும் முலாம் பூசிய உருக்கு. வெயிலிலே அது குறையின்றித் தொழில் செய்யும். மழையில் நனைந்ததும் பிறேக் கட்டை அதன்மேல் வழுக்கும். கையை எவ்வளவு இறுக்கினாலும் வண்டி நிற்க மறுக்கும். அலுமினிய றிம் ஈரத்திலும் மிக நன்றாகப் பிடிக்கும். இங்கே அழகை முன்னிட்டு ஆபத்தை ஏற்பது அறிவாகாது. எனினும் மாற்றுவதற்கும் ஒரு முறை உண்டு. பழைய விளையாட்டு வண்டிகளின் 27 அங்குலச் சில்லிலே ரயர் அமரும் விட்டம் 630 மில்லிமீற்றர். இன்றைய ஓட்டவண்டிச் சில்லிலே அது 622. ஆகவே றிம் 4 மில்லிமீற்றர் அச்சை நோக்கித் தாழும். பிறேக்கின் கைகள் அவ்வளவு கீழே எட்டுமானால் சட்டகத்தைத் தொடாமலே மாற்றம் முடிந்துவிடும். பழைய சில்லையும் பத்திரமாக எடுத்து வைக்கலாம்.

நொட்டிங்ஹாம் நகரத்து றலி முதலிய நிறுவனங்கள் உலகெங்கும் அனுப்பிய உயரமான 28 அங்குல வண்டியின் கதை வேறு. அதிலே பிறேக் கம்பிகள் கைபிடியிலிருந்து இறங்கி வந்து, கட்டைகளை றிம்மின் உட்புறத்தில் அழுத்துகின்றன. இன்றைய அலுமினிய றிம் பக்கவாட்டில் இடுக்கிப் பிடிக்கும் பிறேக்கிற்காகச் செய்யப்பட்டது; அழுத்துவதற்கு உரிய உட்புற விளிம்பு அதில் இல்லை. சில்லை மாற்றினால் பிறேக்கை மாற்ற வேண்டும். பிறேக்கை மாற்றினால், துளையில்லாத முன் போர்க்கின் தலையிலே துளையிட வேண்டும். ஓர் உறுப்பை மாற்றப் புகுந்தவர் இவ்வாறு வண்டியையே மாற்றி முடிப்பார். துளையிட்ட உருக்கு மீண்டும் மூடாது.

இதற்கும் வழியில்லாமல் இல்லை. முதலிலே தோல் பதித்த பிறேக் கட்டைகளைப் பூட்டிப் பார்க்கலாம். நனைந்த உருக்கின்மேல் அவை இறப்பர்க் கட்டையினும் நன்றாகப் பிடிக்கும். அதுவும் போதாதெனின், சில்லின் நடுக்குடத்துக்குள்ளேயே பிறேக் அடங்கிய குடங்கள் உண்டு. நொட்டிங்ஹாமிலே தோன்றிய ஸ்டேர்மி ஆர்ச்சர் என்னும் பெயரிலேயே இன்று தாய்வானில் அவை செய்யப்படுகின்றன. பழைய றிம்மிலேயே அக்குடத்தைக் கம்பி கோத்துக்கொள்ளலாம். வெளித்தோற்றம் பெரிதும் மாறாது. மழையிலும் வண்டி நிற்கும். போர்க்கின் அகலமும் அச்சுப் பள்ளத்தின் அளவும் குடத்துக்கு ஏற்றவையா என்பதை மாத்திரம் முன்னரே அளந்து பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, பின்சில்லு அமரும் இடைவெளி. ஐந்து பற்சக்கரங்கள் இருந்த காலத்தில் அது பொதுவாக 120 மில்லிமீற்றர். ஆறும் ஏழும் வந்தபோது 126. எட்டும் அதற்கு மேலும் வந்தபோது 130. புதிய சில்லைப் பழைய சட்டகத்தில் ஏற்ற விரும்புவோர் பின் கைகளை விரித்துவிடுகின்றனர். உருக்கு இதற்கு இடங்கொடுக்கும். அலுமினியமும் கரிநாரும் இடங்கொடா. அவற்றை வளைக்க முயல்வது முறிப்பதற்கே சமம். உருக்கிலும் இரு கைகளும் சமமாக விரியவேண்டும். அச்சு அமரும் தட்டுகள் மீண்டும் ஒன்றுக்கொன்று நேராகவேண்டும். தவறினால் அச்சு நாளடைவில் வளைந்து முறியும். 126இலிருந்து 130 என்பது பக்கத்துக்கு 2 மில்லிமீற்றரே, கைதேர்ந்தவர் செய்யலாம். 120இலிருந்து 130 என்றால் உண்மையிலே அத்தனை பற்சக்கரங்களும் தேவைதானா என்று உரியவர் தம்மையே கேட்பது நலம். ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1984ஆம் ஆண்டில் 'கிளிக்' என்ற ஒலியோடு படிப்படியாக நகரும் கியர்மாற்றியைக் கொணர்ந்தது. அதற்கு முன்னைய உராய்வு நெம்புகோல் எந்தப் படிக்கும் கட்டுப்பட்டதன்று. ஆதலால் அது புதிய பற்சக்கரங்களோடும் பெரும்பாலும் இணங்கிப் போகும். பழையதே இங்கு பெருந்தன்மை உடையது!

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத புரிகள். மிதிதண்டின் அச்சு ஓடும் குழலிலே ஆங்கிலேயப் புரி அங்குலத்துக்கு 24. றலி நிறுவனமோ தன் வண்டிகள் பலவற்றில் 26 புரி இட்டது. இத்தாலியக் குழல் 36 மில்லிமீற்றர் விட்டம். பழைய பிரெஞ்சுக் குழல் 35. ஆங்கிலேய வண்டியிலே வலப்பக்கக் கிண்ணம் இடஞ்சுழியாக இறுகும். பழைய இத்தாலிய வண்டியிலே இருபுறமும் வலஞ்சுழியே. இவற்றை அறியாமல் கடையிற் கிடைத்த கிண்ணத்தைப் பலங்கொண்டு முறுக்கினால், அரை நூற்றாண்டு பழுதுறாதிருந்த புரி அரை நிமிடத்திலே அழிந்துவிடும்.

இத்தாலியின் தஸ்கனி மாநிலத்திலே, கயோலே என்னும் சிற்றூரில் 1997ஆம் ஆண்டில் லெரோயிக்கா என்ற பழைய வண்டிகளின் ஓட்டம் தொடங்கியது. 1987ஆம் ஆண்டுக்கு முந்திய வகை உருக்கு வண்டி, சட்டகத்தின் கீழ்க்குழாயிலே கியர் நெம்புகோல், கைபிடிக்கு வெளியே செல்லும் பிறேக் கம்பி என்பன அதன் விதிகள். ஒரு நாள் விழாவுக்கு அவ்விதிகள் அழகு சேர்க்கின்றன. நாள்தோறும் சந்தைக்கும் வேலைத்தலத்துக்கும் பாடசாலைக்கும் செல்பவருக்கு அவை சட்டமாகா.

இலங்கைக்கு வந்த ஆங்கிலேய வண்டிகளின் வரலாறும் இதனையே கூறும். 1990ஆம் ஆண்டுக்குப் பின், எரிபொருள் தடைப்பட்டிருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டிலே துவிச்சக்கரவண்டியே மனிதரையும் மூட்டையையும் சுமந்தது. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியிலே நாடெங்கும் மக்கள் மீண்டும் அதனை நாடினர். தேவைப்பட்ட காலத்தில் எவரோ போட்ட ஓர் ஒட்டும், பொருந்தாத நிறத்திலே பூட்டிய ஒரு மிதிகட்டையும் அவ்வண்டியின் வரலாற்றில் அடங்கியவையே. தொழிற்சாலைக் கோலத்தை மீட்பதற்காக அவற்றையெல்லாம் துடைத்தெறிய முற்படுபவர், தாம் காக்க எண்ணியதிலே ஒரு பங்கை இழந்துவிடுகிறார்.

ஆகவே ஸ்பானரைக் கையில் எடுக்குமுன் மூன்று கேள்விகள் எழவேண்டும். இவ்வுறுப்பில் உயிர் தங்கியிருக்கிறதா? இருந்தால் பயனுக்கே முதலிடம். இம்மாற்றத்தை நாளை திருப்ப முடியுமா? முடியாதெனின் வேறு வழி தேடவேண்டும். கழற்றிய உறுப்பு எங்கே போகிறது? அதனை எண்ணெய்த் துணியிலே சுற்றித் தகரப் பெட்டியில் வைத்தால், அடுத்த தலைமுறை தன் விருப்பத்தைத் தானே தீர்மானித்துக்கொள்ளும்.

சில்லு தேயும், சங்கிலி நீளும், ரயர் வெடிக்கும். அவற்றை மாற்றுவதிலே குற்றமில்லை. அராவுக்கும் துளைகருவிக்கும் தப்பிய சட்டகமோ, இன்று ஏறி ஓடுபவரைச் சுமப்பதோடு, இனி ஏறப்போகும் பேரப்பிள்ளைக்கும் இடம் வைத்திருக்கும்.