கோட்டையும் தோட்டமும்: சென்னையின் ஆட்சிப் பகுதி

சென்னையின் ஆட்சிப் பகுதி எது என்றால் யாரும் யோசிக்காமல் சொல்லும் விடை புனித ஜார்ஜ் கோட்டை. 1640இல் எழத் தொடங்கிய அந்த மதிலுக்குள்தான் இன்றும் தலைமைச் செயலகம் இருக்கிறது. சட்டமன்றமும் அங்கேதான் கூடுகிறது. தேர்தலில் வெல்வதைக் 'கோட்டையைப் பிடிப்பது' என்றே ஊர் சொல்கிறது. சென்னை வரலாறு எழுதுவோர் பலரும் இதே வழக்கைக் கொள்கையாக்கிவிட்டார்கள்: கோட்டை தலை, மற்றவை பின்னால் முளைத்த வால். இது பாதி உண்மை. கோப்புகள் கோட்டையில் இருந்தன. ஆனால் அரசு தன்னை ஊருக்குக் காட்டிக்கொள்ள விரும்பியபோதெல்லாம் கூவத்தைத் தாண்டி அரசினர் தோட்டத்துக்கு வந்தது.

இந்தச் சொற்பொழிவு நடக்கும் ஊர் பூந்தமல்லி என்பது இந்தப் பொருளுக்கு வெறும் முகமன் அன்று. 1639இல் கிழக்கிந்தியக் கும்பெனியின் பிரான்சிஸ் டே கடற்கரையில் ஒரு துண்டு மணல் கேட்டபோது, நிலத்துக்கு உரியவராக இருந்தவர் தாமல் வேங்கடப்ப நாயக்கர். அவர் வந்தவாசியில் இருந்தார். தம்பி அய்யப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்தார். தந்தை சென்னப்பர் பெயரில் சென்னப்பட்டணம் வந்தது. கோல்கொண்டா ஆட்சி வந்த பிறகும் பூந்தமல்லியின் நிலை மாறவில்லை. அந்த ஆட்சியின் அதிகாரியாகப் பூந்தமல்லியில் அமர்ந்த லிங்கப்பா, கோட்டைக்குப் போகும் சரக்கை மறித்துக் கும்பெனியாருக்குக் கொடுத்த நெருக்கடி அவர்களுடைய பழைய பதிவுகளில் உள்ளது. கோட்டை எழுந்த முதல் அரை நூற்றாண்டில் இந்த வட்டாரத்தின் ஆட்சித்தலம் பூந்தமல்லி; கோட்டை அங்கே ஒரு குடித்தனக்காரர். கோட்டையைப் பிறந்தது முதலே தலைநகராக எழுதும் நூல்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

அரசினர் தோட்டத்தின் கதை ஒரு தோல்வியில் தொடங்குகிறது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். கோட்டைக்கு வெளியே ஆளுநருக்கு இருந்த பழைய தோட்ட வீடு அழிந்தது. 1749இல் நகரம் திரும்பக் கிடைத்ததும் வேறொரு வீடு தேவைப்பட்டது. திருவல்லிக்கேணியை ஒட்டி மதேராஸ் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த தோட்ட வீட்டைக் கும்பெனி 1753இல் விலைக்கு வாங்கியது. ஆளுநர்கள் கோட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு இங்கே வந்து விருந்து வைத்தார்கள். 1768இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா தம் அரண்மனையைச் சேப்பாக்கத்தில், தோட்டத்தின் பக்கத்திலேயே கட்டிக்கொண்டதும் தற்செயல் அன்று. 1855இல் நவாப் பதவியைக் கும்பெனி ஒழித்தபின் அரண்மனையும் அரசின் கைக்கு வந்து வருவாய்த்துறை அலுவலகமாயிற்று.

அரசு தன்னைக் காட்டிக்கொண்ட இடம் தோட்டமே என்ற வாதத்தின் உயிர் அங்கே உள்ள ராஜாஜி மண்டபம். 1799இல் சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். அந்த வெற்றியைக் கொண்டாட ஆளுநர் எட்வர்டு கிளைவ், பிளாசியில் வென்ற ராபர்ட் கிளைவின் மகன், ஒரு விருந்து மண்டபம் எழுப்ப விரும்பினார். கட்டியவர் ஜான் கோல்டிங்காம், சென்னை வானாய்வகத்தின் வானியலாளர். கிரேக்கக் கோயிலின் சாயலில் 1802இல் மண்டபம் திறக்கப்பட்டது. முகப்பு முக்கோணங்களில் பிளாசிக்கும் சீரங்கப்பட்டணத்துக்கும் வெற்றிச் சின்னங்கள். ஒன்று தகப்பனுக்கு, மற்றொன்று மகனுக்கு என்று படித்தால் தவறில்லை. மதிலுக்குள் இடமில்லாமல் இதை வெளியே கட்டினார்கள் என்று சொல்வது எளிது. ஆனால் வெற்றியை அறிவிக்க நினைக்கும் அரசு, சோதனைச் சாவடியும் பீரங்கியும் உள்ள படைவீட்டுக்குள் அதை ஏன் கட்ட வேண்டும்? செனட் இல்லம் எழும்வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாக்களும் இங்கேதான் நடந்தன.

மண்டபத்தில் கவனிக்க வேண்டியது தூண்கள் அல்ல, படிகள். கூடம் மேல்தளத்தில் இருக்கிறது. தரையிலிருந்து அகலமான படிக்கட்டு ஒன்று நேராக அதற்கு ஏறுகிறது. விருந்துக்கு வரும் சீமான்களும் சீமாட்டிகளும் ஏறும்போது கீழே நிற்பவர்கள் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று அமைத்த படிகள் அவை. விடுதலைக்குப் பின் மண்டபத்துக்கு ராஜாஜி பெயர் வந்தது. படிகளுக்கு வேறு வேலை வந்தது. 1969 பிப்ரவரியில் அண்ணாவின் உடல் இங்கே வைக்கப்பட்டது. 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். உடலின் தலைமாட்டில் இரண்டு நாள் நகராமல் நின்ற ஜெயலலிதாவின் உடல், 2016 டிசம்பர் 6 அன்று அதே படிகளில் தேசியக் கொடி போர்த்திக் கிடந்தது. 2018 ஆகஸ்டில் கருணாநிதி. ஒவ்வொரு முறையும் காட்சி ஒன்றே: மேலே உடல், கீழே அண்ணா சாலை வரை நெருக்கியடிக்கும் கூட்டம். திப்புவை வென்றதற்காக ஆடக் கட்டிய மண்டபத்தைத் தமிழக அரசியல் தன் துக்க வீடாக்கிக்கொண்டது. இந்த நால்வரும் முதலமைச்சர்களாகக் கோட்டையில் அமர்ந்தவர்கள். ஊர் அவர்களை வழியனுப்பியது தோட்டத்திலிருந்து.

சட்டமன்றமும் கோட்டைக்கு அப்படியொன்றும் விசுவாசமாக இருந்ததில்லை. 1937இல் செனட் இல்லம், 1938 முதல் 1939 வரை இதே விருந்து மண்டபம், 1952 முதல் 1956 வரை அரசினர் தோட்டத்தில் கட்டிய கட்டடம், 1959இல் சில நாள் உதகமண்டலம், பெருந்தொற்றுக் காலத்தில் கலைவாணர் அரங்கம். 2010 மார்ச் 13 அன்று தோட்டத்தில் புதிய தலைமைச் செயலக வளாகமே திறக்கப்பட்டது. அதற்காக ஆளுநரின் பழைய மாளிகை இடிக்கப்பட்டது. ராஜாஜி மண்டபம் தப்பியது. திறப்பு நாளில் குவிமாடம் முடியவில்லை. திரைப்படக் கலை இயக்குநர் தோட்டா தரணி அமைத்த தற்காலிகக் குவிமாடத்தின் கீழ் பிரதமர் மன்மோகன் சிங் வளாகத்தைத் திறந்துவைத்தார். 2011இல் ஆட்சி மாறியதும் செயலகம் கோட்டைக்குத் திரும்பியது. வளாகம் 2014இல் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை ஆயிற்று. 'பார்த்தீர்களா, கோட்டைதான் வென்றது' என்று இதைக் காட்டுவோர் உண்டு. திரும்பியது கோப்பு. இரங்கல் கூட்டம் திரும்பவில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று ஆகஸ்ட் 15. கருணாநிதி மத்திய அரசிடம் கேட்டுப் பெற்ற உரிமையால் 1974 முதல் முதலமைச்சர் கோட்டையில் கொடியேற்றுகிறார். ஆனால் அவர் நிற்பது கொத்தளத்தின் மேல், முகம் வெளியே பார்க்க. அணிவகுப்பும் மக்களும் ராஜாஜி சாலையில். அன்று மதில் ஒரு மேடை; விழா மதிலுக்கு வெளியேதான் நடக்கிறது. குடியரசு நாளில் ஆளுநர் கொடியேற்றுவதோ கடற்கரைச் சாலையில்.

கோட்டை, தோட்டம் இரண்டுக்கும் வெளியே, பூந்தமல்லி நெடுஞ்சாலை தனி ஆய்வுக்கு உரியது. இன்று பெரியார் ஈ.வெ.ரா. சாலை என்று பெயர் பெற்ற அந்தச் சாலையில் 1913இல் ரிப்பன் மாளிகை எழுந்தது. மாநகராட்சி கோட்டையையும் தேடவில்லை, தோட்டத்தையும் தேடவில்லை, ரயில் நிலையத்தின் பக்கத்தில் போய் அமர்ந்தது. ஏன் என்பதை யாரும் இன்னும் ஒழுங்காக எழுதவில்லை. மெரினாவின் நினைவிடங்கள், கிண்டி ராஜ்பவன், 2003இல் இராணி மேரிக் கல்லூரி இடத்தில் செயலகம் கட்ட முயன்று எதிர்ப்பால் கைவிட்டது, எம்.ஜி.ஆர். தலைநகரைத் திருச்சிக்கு மாற்ற நினைத்தது, 1955இல் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு எழுப்பிய தற்காலிக நகரம் ஆகியவற்றையும், அரசு எங்கே அமர்கிறது, எங்கே தன்னைக் காட்டிக்கொள்கிறது என்ற இதே கேள்வியோடு பார்க்கலாம். ஊர்வலங்கள் சென்ற தடங்களை நாளிதழ்களிலிருந்து தொகுத்து வரைபடத்தில் குறிக்கும் வேலையை ஓர் இளம் ஆய்வாளர் ஓராண்டில் முடித்துவிடலாம். லிங்கப்பாவின் பூந்தமல்லியைப் பற்றிக் கோல்கொண்டாவின் பாரசீக ஆவணங்களில் தேடுவது அதற்கு முன் செய்ய வேண்டியது.