இடாப்பில் பதில் வராத பெயர்கள்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நூறு ஆண்டுகளில் இப்பாடசாலை உருவாக்கிய வைத்தியர்கள், பொறியியலாளர்கள், ஆசிரியர்கள் பற்றி இம்மேடையில் பெருமையோடு பேசினார்கள். நான் வேறு சிலரை நினைவுகூர விரும்புகிறேன்.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது நான் பத்தாம் ஆண்டு மாணவி. மறு ஆண்டு திரும்பி வந்து ரீச்சர் இடாப்புக் கூப்பிட்டபோது பல பெயர்களுக்குப் பதில் வரவில்லை. சிலர் வன்னியில், சிலர் கொழும்பில், சிலர் வெளிநாட்டில். சிலர் இயக்கத்தில்.

பெண்கள் ஆயுதம் ஏந்துவது அப்போது எமக்குப் புதிதல்ல. 1987 ஒக்ரோபர் 10இல் கோப்பாயில் இந்திய அமைதிப் படையுடனான சண்டையில் மாலதி இறந்தார். விடுதலைப் புலிகளின் பெண் போராளிகளில் களத்தில் உயிரிழந்த முதலாமவர் அவர். பின்னர் மாலதி, சோதியா என்ற பெயர்களில் பெண்கள் படையணிகளே இயங்கின. விரும்பிப் போனவர்களும் உண்டு. பலவந்தமாகக் கொண்டுபோகப்பட்டவர்களும் உண்டு. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். எல்லோரையும் ஒரே சொல்லில் அடக்குவது நியாயமல்ல.

2009இல் போர் முடிந்தபின் புனர்வாழ்வு முகாம்களுக்கு அனுப்பப்பட்ட சுமார் 12,000 பேரில் 2,000க்கும் மேற்பட்டோர் பெண்கள். இன்று அவர்கள் நாற்பது, ஐம்பது வயதுகளில் எங்கள் கிளினிக் வாங்குகளில் இருக்கிறார்கள்.

ஒருமுறை தீராத முதுகுவலியோடு என் வயதொத்த ஒருவர் வந்தார். எம்.ஆர்.ஐ. எடுக்க எழுதினேன். உடலில் உலோகம் ஏதும் உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்றார். எதற்கும் முதலில் எக்ஸ்றே எடுத்துப் பார்த்தோம். முள்ளந்தண்டுக்கு அருகில் செல் துண்டு ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் இரும்புத் துண்டை அசைத்துவிடலாம். நரம்பருகில் அது அசைந்தால் கால்கள் இயங்காமற் போகவும் கூடும். நான் படத்தைக் காட்டியதும் அவர் தலைகுனிந்து, “பீஸ் இருக்கிறதை எழுதத்தான் வேணுமோ டொக்டர்?” என்று கேட்டார். புகுந்த வீட்டுக்கு அவருடைய பழைய வாழ்க்கை தெரியாது. சீ.ரி. ஸ்கானோடு சமாளித்தோம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. ஒரு பெண் தன் காயத்தைச் சொல்வதைவிட உயிராபத்தை ஏற்பது மேல் என்று எண்ணும்படி அவரை வைத்திருப்பது யார்? விசாரணைக்கு வருபவர்கள் மட்டுமல்ல, நாங்களுந்தான்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரியதல்ல. இரண்டாம் உலகப் போரில் சோவியத் படைகளில் இலட்சக்கணக்கான பெண்கள் பணியாற்றினார்கள். வீடு திரும்பிய பலர், ஊர் என்ன சொல்லுமோ என்று பதக்கங்களையே ஒளித்து வைத்ததை ஸ்வெத்லானா அலெக்சியேவிச் பதிவு செய்திருக்கிறார். களத்தில் ஆணுக்கு நிகர் என்று போற்றிய சமூகம், கலியாணப் பேச்சு வந்ததும் வேறு தராசை எடுத்துவிடுகிறது.

சகோதரிகளே, அவர்களுக்குச் சிலை வையுங்கள் என்றோ, அவர்கள் போன வழி சரி என்றோ நான் கேட்கவில்லை. இச்சங்கத்தில் சேரச் சாதாரண தரம் சித்தியெய்தியிருக்க வேண்டும் என்ற விதி இல்லை. இந்த முற்றத்தில் ஒருநாள் கும்பிட்டு நின்றவர் எவரும் எங்கள் பழைய மாணவிதான். அடுத்த ஒன்றுகூடலுக்கு அவர்களையும் அழையுங்கள். எங்கே இருந்தீர்கள் என்று கேட்க வேண்டாம். வந்து இருங்கோ என்று சொன்னால் போதும்.