ஆடு குட்டி போடும், அட்வான்ஸ் குட்டி போடுமா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு "நகரமும் பெண்கள் முன்னேற்றமும்". நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. அவ்வளவு பெரிய தலைப்பை முழுசா பேச என்னால ஆகாது. அதனால் அதில் எனக்குத் தெரிஞ்ச ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கிறேன். நம்ம ஊர்ப் பிள்ளைங்க பட்டணத்துக்குப் போறாங்கன்னா, என்ன வேலை, என்ன சம்பளம் என்று கேட்கிறோம். எங்கே தங்கப்போறாங்க, அந்த இடத்துக்கும் வேலைக்கும் எவ்வளவு தூரம், வாடகை என்ன என்று யாரும் கேட்கிறதில்லை. நான் பார்த்த வரைக்கும் அந்த மூணும்தான் சம்பளத்தில் எவ்வளவு கையில் நிற்கும் என்பதை முடிவு பண்ணுது.

என் நாத்தனாரைப் பற்றிச் சொல்றேன். அவங்க கல்யாணமாகிப் போன நாள் முதல் சென்னை சைதாப்பேட்டையில், அடையாறு ஆற்றோரம் குடிசையில்தான் இருந்தாங்க. கக்கூஸ் கிடையாது, லாரித் தண்ணி, மழை வந்தால் பயம். ஆனா காலையில் அஞ்சரைக்கு எழுந்தால் நடந்தே போய் நாலு வீட்டு வேலையை முடிச்சிட்டு, பத்து மணிக்குள்ள திரும்பி வந்து பிள்ளைங்களுக்குச் சோறு ஆக்கிடுவாங்க. வீட்டுக்கு 1,500 வீதம் மாசம் 6,000 ரூபாய். அண்ணன், அதாவது அவங்க வீட்டுக்காரர், காலையில் கூலிக்கு ஆள் எடுக்கிற இடத்தில் போய் நிற்பார். அதுவும் நடக்கிற தூரம்தான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் குடிசை போயிடுச்சு. அதுக்கப்புறம் ஆற்றோரம் இருந்தவங்களில் நிறைய பேருக்குப் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தாங்க. தரைத்தளத்துக்கு மேல ஏழு மாடி, லிப்ட், உள்ளேயே கக்கூஸ், ஓட்டை ஒழுகல் இல்லாத கூரை. நான் போய்ப் பார்த்தப்ப பொறாமையாத்தான் இருந்தது. நம்ம ஊரில் எத்தனை பேருக்கு அப்படி வீடு இருக்கு, சொல்லுங்க!

ஆனா வீடு வந்த அன்னைக்கே வேலை போச்சு. சைதாப்பேட்டை அங்கேயிருந்து கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். ரெண்டு பஸ் மாறணும். வேலை செய்யிற வீட்டுக்காரங்க ஆபீசுக்குக் கிளம்பறதுக்குள்ள பாத்திரம் தேய்ச்சு முடிக்கணும் என்பாங்க. ஏழு மணிக்கு வரவேண்டியவங்க எட்டரைக்கு வந்தா யார் வைச்சுக்குவாங்க? நாலு வீடு ரெண்டாச்சு. 3,000 ரூபாய் வருமானத்தில் பஸ்ஸுக்கே ஆயிரம். அண்ணன் தினமும் வந்துபோக முடியாமல் பழைய இடத்திலேயே ஒரு கடை வாசலில் படுத்துக்கிட்டு வாரத்துக்கு ஒருதரம் வீட்டுக்கு வருவார். ஒன்பதாவது படிச்ச பையன், பத்தாவது முடிக்கிற வரைக்கும் சைதாப்பேட்டையில் சித்தி வீட்டில் இருந்தான். ஆக, நல்ல வீடு கிடைச்சது, அந்த வீட்டில் ஒரு குடும்பம் ஒண்ணா இருக்க முடியலை.

கட்டிக் கொடுத்தவங்களைக் குறை சொல்ல நான் வரலை. குடிசைகளை மாற்ற நம்ம மாநிலத்தில் 1970-லேயே தனி வாரியம் ஏற்பட்டது. முதலில் கட்டின அடுக்குமாடிகளில் பலதும், ஜனங்க எங்கே இருந்தாங்களோ அங்கேயே கட்டினதுதான். பின்னால 2000-க்கு அப்புறம் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே, நிலம் இருக்கிற இடத்தில் ஆயிரக்கணக்கில் கட்டினாங்க. வீட்டுக் கணக்கு கூடிச்சு. வேலைக்குப் போற தூரமும் கூடிச்சு.

2021 மே மாசத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனது என் நாத்தனாருக்கு உண்மையிலேயே பெரிய உதவி. காசு மிச்சம். நேரம்தான் மிச்சமாகலை. கடைசியில் பழைய வீட்டு வேலையை விட்டுட்டு, சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஒப்பந்தக்காரர் மூலமா துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாங்க. பி.எப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்க. அவங்க வாழ்க்கையில் முதல் தடவையா வாரத்தில் ஒரு நாள் லீவு. வேலை பக்கத்தில் வந்த பிறகுதான் அந்த வீடு அவங்களுக்கு வீடாச்சு. அதுக்கு நடுவில் போன வருஷங்களில் அடகு வெச்ச கம்மல் இன்னும் திரும்பலை.

இன்னொண்ணு, முகவரி. வேலை கேட்டுப் போற இடத்தில் இந்தக் குடியிருப்புப் பெயரைச் சொன்னாலே சில பேர் முகம் மாறுதுன்னு அங்கே இருக்கிற பொண்ணுங்க சொல்வாங்க. 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடியில் தங்கம் வாங்கின நம்ம இந்தியப் பெண்கள் அணியின் துணைத் தலைவி கார்த்திகா, கண்ணகி நகர்ப் பொண்ணுதான். அன்னைக்கு அந்த நகர் பேரை டிவியில் எல்லாரும் பெருமையாச் சொன்னாங்க. தங்கம் வாங்காத பிள்ளைங்களுக்கும் அதே முகவரிதானே இருக்கு.

சரி, கல்யாணமாகாத பொண்ணுங்க விஷயத்துக்கு வர்றேன். என் அக்கா பொண்ணு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் பாகம் செய்யிற கம்பெனியில் இருக்கா. நம்ம வட்டாரத்திலிருந்தும் வேன் வேனாப் போறாங்க. ஆரம்பத்தில் அந்தப் பக்கம் விடுதிகள் எப்படி இருந்ததுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்காம நிறைய பிள்ளைங்க ஆஸ்பத்திரிக்குப் போய், கூட இருந்தவங்க நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் பண்ணினாங்க. அப்புறம் 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குகிற மாதிரி சிப்காட் கட்டின குடியிருப்பைத் திறந்தாங்க. தாம்பரம், கூடுவாஞ்சேரி, விழுப்புரம் இங்கெல்லாம் வேலைக்குப் போற பெண்களுக்கு அரசாங்கத்தின் தோழி விடுதி இருக்கு. வெளியூரில் வேலை கிடைச்சும் தங்க இடம் தெரியாம நிற்கிற பொண்ணு இருந்தால், அந்த அக்காமார் அதைக் கேட்டு விசாரிங்க.

ஆனா கட்டில் என்பது ஒருத்திக்குத்தான். அக்கா பொண்ணுக்கு இப்ப வரன் பார்க்கிறாங்க. கல்யாணம் ஆனா அந்தக் கட்டிலில் புருஷனுக்கும் குழந்தைக்கும் இடமில்லையே. வெளியே தனி வீடு எடுக்க முடிஞ்சால் வேலை நிற்கும், இல்லைன்னா வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்துடுவா. ஆறு வருஷம் கத்துக்கிட்ட தொழில் அதோட போச்சு. பொண்ணுங்க ஏன் கல்யாணத்தோட வேலையை விடறாங்கன்னு கேட்கிறவங்க, அந்தப் பக்கம் ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு என்ன வாடகைன்னும் ஒருதடவை கேட்கணும்.

இப்ப நம்ம விஷயம். எங்க குழுவில் ஒரு அக்கா போன வருஷம் உள்கடன் 50,000 கேட்டாங்க. பையன் அம்பத்தூரில் லேத் பட்டறையில் 16,000 சம்பளம். ஆறு பேரோட ஒரே ரூம், பங்கு 2,000. மெஸ் சாப்பாடு 4,500. மருமகளும் குழந்தையும் ஊரில். அங்கே 5,000 வாடகையில் வீடு கிடைச்சது, பத்து மாச அட்வான்ஸ் கேட்கிறாங்க. கூட்டத்தில் மூத்த அக்கா ஒருத்தர், "ஆடு வாங்கினா குட்டி போடும், அட்வான்ஸ் குட்டி போடுமா? இது தொழில் கடனே இல்லை" என்றாங்க. எல்லாரும் சிரிச்சிட்டோம். தீர்மான நோட்டில் "நிராகரிக்கப்பட்டது" என்று எழுதியாச்சு.

அந்த அக்கா வெளியில் நூத்துக்கு மூணு ரூபாய் வட்டிக்கு வாங்கினாங்க. மாசம் 1,500, வருஷத்துக்கு 18,000. நம்ம குழுவில் நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டின்னா வருஷத்துக்கு 6,000-தான், அதுவும் நம்ம குழுவுக்கே வந்திருக்கும். ஆனாலும் மருமக அம்பத்தூர் போயிட்டா. மெஸ் சாப்பாடு நின்னது. நம்ம கூட்டமைப்பு நடத்தின தையல் பயிற்சியில் கத்துக்கிட்டவதான் அவ. இப்ப ஒரு துணிக் கம்பெனியில் மாசம் 9,000 வாங்கறா. அட்வான்ஸ் குட்டி போட்டதா இல்லையா? ஆடு செத்தால் முதலும் போச்சு. அட்வான்ஸ், பெயின்ட் அடிச்சதுக்கு ஒரு மாச வாடகை பிடிச்சாலும் மிச்சம் திரும்பி வரும்.

வாடகைச் சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 2017-ல் போட்டு 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிற நம்ம மாநிலச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும், வாடகை அதிகாரியிடம் பதியணும். அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக்கூடாது. ஆனா ரெண்டு பேரும் வேறு மாதிரி ஒப்புக்கிட்டு எழுதினால் அதுதான் செல்லும். அதனாலதான் பத்து மாசம் இன்னும் ஓடுது. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிச்சுப் பாருங்க. கரண்டுக்கு யூனிட்டுக்கு எவ்வளவுன்னு அதிலேயே எழுதச் சொல்லுங்க. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் அரசாங்கம் இலவசமாத் தருது, வாடகைக்காரங்க பல பேருக்கு அது கண்ணில் படறதே இல்லை.

கூட்டமைப்பு நிர்வாகிகளுக்கு எங்க குழுவும் பக்கத்துக் குழுவும் சேர்ந்து ஒரு மனு கொடுத்திருக்கோம். வீட்டு அட்வான்ஸை உள்கடனுக்கான காரணங்களில் ஒண்ணாச் சேர்க்கணும். சொந்தச் சேமிப்பிலிருந்து மட்டும் கொடுக்கலாம், மற்ற நிதியைத் தொட வேண்டாம். ஒப்பந்த நகல் குழுவிடம் இருக்கணும். ஒப்பந்தத்தில் வீட்டுப் பெண் பெயரும் இருக்கணும். வீட்டைக் காலி பண்ணி அட்வான்ஸ் திரும்பினால் முதலில் குழுக் கடனுக்குக் கட்டணும். அடுத்த மாசக் கூட்டத்தில் இது பொருளா வருது. சிரிச்ச அந்த மூத்த அக்காவும் மனுவில் கையெழுத்துப் போட்டிருக்காங்க, அவங்க பேத்தி இப்ப தாம்பரத்தில் வீடு தேடறா. மற்ற குழுக்காரங்க நோட்டு பின்வரிசையில் இருக்கு, பேசிட்டுப் போடுங்க.