செய்தியும் வெப்பமும்



'லைட்ஹவுஸ் குப்பம்' என ஆங்கிலம் கலந்து வழங்கினும், இவ்வூர் கலங்கரை விளக்கக் குப்பமே. முகத்துவாரம் என்று மக்கள் சொல்லும் பழவேற்காட்டுக் கழிவாயில், மழைக்காலத்து ஆற்றுநீரும் கடலின் உப்புநீரும் கலக்கின்றன. கலப்பதற்கு எவரும் கூலி கொடுப்பதில்லை. பிரிப்பதற்கோ கூலி உண்டு. தெற்கே காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய ஆலை, நாளொன்றுக்கு 10 கோடி இலிட்டர் நன்னீர் பிரிக்கும் அளவினது. இத்தகைய ஆலைகளில் ஆயிரம் இலிட்டருக்கு 3 முதல் 4 அலகு மின்னாற்றல் செலவாகும். பொறி எத்துணைச் செம்மையுற்றாலும் அச்செலவு ஓர் எல்லைக்குக் கீழ் இறங்காது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி வகுத்த எல்லை அது.

அவ்விதியையே 1867-இல் ஓர் எண்ணச் சோதனைக்கு உட்படுத்தினார் மாக்சுவெல். வளி நிறைந்த பெட்டியின் நடுச்சுவரில் ஒரு சிறு கதவு. அங்கே மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகக் காணவல்ல நுண்ணிய காவலன். விரைந்து வருவனவற்றை ஒருபுறமும் மெல்ல வருவனவற்றை மறுபுறமும் விடுகின்றான். உழைப்பின்றியே ஒருபுறம் சூடேற, மறுபுறம் குளிர்கின்றது. 'மாக்சுவெல் பேய்' எனப் பின்னர்ப் பெயர் பெற்ற அவனிடம் இருப்பது தோள்வலி அன்று. எது விரைவு, எது மெலிவு என்னும் செய்தியே. செய்தி விலையற்றதாயின் கடல்நீரையும் செலவின்றிப் பிரிக்கலாமே! அடுப்பின்றி உலை கொதிக்குமே!

அறிந்துகொள்ளும் செயலிலேயே விலை மறைந்துள்ளது என்றார் 1929-இல் சிலார்டு. அருகில் வந்தார், இலக்கைத் தொடவில்லை. செய்தியை அழிப்பதற்கே விலை என்று 1961-இல் காட்டியவர் இலாந்தவர்.

ஈர மணலில் ஒருவர் கோடிட்டு மீன்கூடைகளை எண்ணுகின்றார் எனக் கொள்க. அலை வந்து துடைத்தபின், அங்கிருந்தவை ஐந்து கோடுகளா ஒன்பதா என்று மணல் சொல்லாது. பல நிலைகள் ஒரே நிலையாயின. அவ்வேறுபாடு மணலை விட்டு நீங்கிற்றேயன்றி உலகை விட்டு நீங்கவில்லை. வெப்பமாய்ச் சுற்றுப்புறத்தில் சிதறிற்று. காவலனின் நினைவேடும் ஒருநாள் நிரம்பும், துடைத்தே ஆகவேண்டும். துடைக்கும்போது அவன் ஈட்டியதெல்லாம் செலவாகிவிடும் என்று 1982-இல் பென்னெட்டு முடிச்சை அவிழ்த்தார்.

'செய்' என்னும் அடியிற் பிறந்ததே செய்தி. உடலற்ற ஒன்றாக அதனைக் கருதுவோர் அவ்வேரை எண்ணிப் பார்க்கலாம்.

விலை எவ்வளவு? ஆம், அன்று என்னும் இரண்டில் ஒன்றைக் காட்டும் ஒரு குறியை அழிக்க, சூல் என்னும் ஆற்றல் அலகைக் கோடி கோடி கோடியாகப் பகுத்து அதில் ஏறத்தாழ மூன்று பங்கு. இத்துணைச் சிறியதை அளக்கவும் முடிந்தது. 2012-இல் பிரான்சின் இலியோன் நகரில், நீரில் மிதந்த நுண்மணி ஒன்றை ஒளிக்கற்றையால் பிடித்து, அழிப்பின் வெப்பத்தை அளந்தனர்; இலாந்தவர் எல்லையை அது நெருங்கிற்று.

இன்றைய கணிப்பொறிகள் அவ்வெல்லையினும் ஆயிரம் மடங்குக்கு மேல் செலவிடுகின்றன. சென்னையைச் சூழ எழும் செய்திக் கிடங்குகள் இரவும் பகலும் வெப்பம் உமிழ்கின்றன. அவற்றைக் குளிர்விக்கவும் மின்னாற்றல் வேண்டும், பல இடங்களில் நன்னீரும் வேண்டும்.